போர்டில் மட்டும் வரும் கண் டாக்டர்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கையும் சுகம். உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும். இது நானே என் கையால் மெதுவாக எழுதுவது, ஆகவே நீங்களும் மெதுவாகவே படியுங்கள். எனக்கு வந்த கடிதங்களை இத்தனை காலம் நீங்கள்தான் வாசித்துக் காட்டினீர்கள். அவற்றை இப்போது நானே எடுத்துப் படித்தேன். உங்களைத் திட்டியிருந்த வரிகளையெல்லாம் விழுங்கியிருக்கிறீர்கள். இதற்குள் ஜீரணமாகியிருக்கும்.

முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து எழுத்து கைக்கு வந்த நேரம் பார்த்துக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. எழுத்துகள் பனியில் நிற்கும் ஆட்கள் மாதிரித் தெரிகின்றன. இன்னும் மங்கினால் படித்ததெல்லாம் வீண். பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வருவதாகச் சொன்னீர்கள் அல்லவா? வரவே வேண்டாம். இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காரியத்தை முடித்துவிட்டேன்.

முந்தாநாள் அங்கே போனபோது மருந்து கொடுக்கும் பெண் என் காதில் ஒரு செய்தியைப் போட்டாள். "தாத்தா, பெரிய சுகாதார அதிகாரிங்களுக்குப் பயிற்சி நடக்குதாம், இந்த மாதிரி நிலையங்களை எப்படி நல்லா நடத்துறதுன்னு. யாருன்னு சொல்லாம நோயாளியா வந்து வரிசையில உட்காரணும், அதுவும் ஒரு பாடமாம். இன்னைக்கு இங்க ஒருத்தர் வர்றாங்க. வெளியில சொல்லிடாதீங்க!" எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவ்வளவு பெரியவர்களும் என்னைப் போலவா பள்ளிக்கூடம் போகிறார்கள்! யாராக இருக்கும் என்று பெஞ்சின் கோடியிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்தேன், கண்டுபிடித்தும் விட்டேன். பளபளக்கும் ஷூ, சட்டைப்பையில் பேனா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னமாய் நடிக்கிறார்! அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தொண்டையைச் செருமுவதற்குள், செருப்பில் ஊக்கு குத்திய ஓர் அம்மா கதவு கதவாகத் திரும்பிக்கொண்டே வந்து, "ஐயா, சீட்டு எங்க வாங்கணும்?" என்றாள். எழுத்து தெரியாது போல, பாவம். எனக்கோ வாசித்துக் காட்ட ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம். சுவரிலிருந்த போர்டுகளை ஒன்று விடாமல் வாசித்தேன். 'கண் மருத்துவர் புதன்தோறும் வருவார்' என்றதும், "வர்றாரா?" என்று கேட்டாள்.

"போர்டுல வர்றார்மா. ஆளாத்தான் வர்றதில்லை."

"எவ்வளவு நாளா?"

"எனக்குப் படிக்கத் தெரியாத காலத்துல இருந்தே. படிச்ச பிறகுதான் அவர் வரலைங்கறதே எனக்குத் தெரிஞ்சுது."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "நீயும் வெட்கப்படாம வகுப்புல சேரும்மா" என்றேன். "சேர்ந்திருக்கேங்க, இன்னைக்குத்தான் முதல் பாடம்" என்றாள். மண்டையில் ஏறாவிட்டாலும் விடாதே என்று தைரியம் சொல்லி அனுப்பிவிட்டு, ஷூக்காரரிடம் என் கண் கதையைக் கொட்டினேன். எவ்வளவு பணிவான அதிகாரி தெரியுமா? தலை குனிந்து என் காலையே பார்த்தார். "ஏழா, எட்டா?" என்று கேட்டார். அரசாங்கம் கால் அளவுகூட விடாமல் விசாரிக்கிறதே என்று அசந்துபோய், எட்டு என்றேன். "அடுத்த வாரம் வாங்க ஐயா, உங்களுக்குன்னே எடுத்து வைக்கிறேன்" என்றார். வேறென்ன வேண்டும்?

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் கண் நிறையப் படித்து நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
இனிக் கைநாட்டு வைக்காத
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மருந்து கொடுக்கும் பெண் வந்தாள். ஷூக்காரர் செருப்புக் கடையில் விற்பனையாளராம், வயிற்றுவலி நிஜமாம். அதிகாரி அந்த ஊக்குச் செருப்பு அம்மாவாம்! பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று நான் சொன்னதை அப்படியே சொன்னாராம். இந்தப் புதன்கிழமை கண் டாக்டர் ஆளாகவே வருகிறார். மேலே எழுதியதை அடித்துவிடலாம்தான், ஆனால் அவ்வளவு பாடுபட்டு எழுதியதை அடிக்க மனசு வரவில்லை. வர வேண்டாம் என்றதை மட்டும் மறந்துவிட்டுக் கட்டாயம் வாருங்கள். கண்ணில் மருந்து விட்டால் அன்று முழுக்க எழுத்து தெரியாதாம். அந்த ஒருநாள் மட்டும் போர்டுகளை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டலாம். எதையும் விழுங்காமல்.