சட்டை போட்ட பிரின்ஸும் சவுக்குக் காடும்

எனக்கு நாய் என்றால் பயம். இன்று இதை எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன், பாருங்கள். இந்த நான்கு வார்த்தைகளை அன்றைக்கு மீட்டிங்கில் சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு கடற்கரைக் கிராமமே பார்க்க நான் அவமானப்பட்டிருக்க மாட்டேன். பாவப்பட்ட ஒரு நாயும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. திருப்பூரில் குழந்தை உடைகள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் ஜூனியர் மெர்ச்சன்டைசர். (வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் தைக்கிற ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குபவருக்கு அப்படி ஒரு பெயர்.) வருடக்கணக்காக எங்களிடம் குழந்தை உடை வாங்கிய ஒரு வெளிநாட்டு மேடம், நாய்களுக்கும் தைத்துத் தருவீர்களா என்று கேட்டு மெயில் போட்டார். முதலாளி உடனே மீட்டிங் கூட்டினார்.

"நாயைப் பத்தி நல்லாத் தெரிஞ்சவங்க நம்மள்ல யாருங்க? ஆர்டர் வந்துச்சுன்னா அவங்கதான் இதுக்கு சீனியரு."

சீனியர் என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை தானாக மேலே போனது. "எனக்குத் தெரியுமுங்க சார். எங்க ஊட்டுல எப்பவும் ரெண்டு மூணு கெடக்குமுங்க."

கணியூரில் எங்கள் வீட்டில் கிடந்தவை இரண்டு எருமைகள். நாய் பக்கத்துத் தோட்டத்துக்காரருடையது. அது துரத்தும், நான் ஓடுவேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

சாம்பிள் தைக்கும் வேலை சேவியர் அண்ணனிடம் வந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், கம்பெனியிலேயே தையல் சுத்தமான டெய்லர். எங்கள் ஃபேக்டரிக்குத் தண்ணீர்பட்ட பாடாக இருந்த பேட்டர்ன் ஒன்றே ஒன்று: கைக்குழந்தைக்குப் போட்டு, இரண்டு காலுக்கும் நடுவே மூன்று பிரஸ் பட்டன் அடித்து மூடுகிற உடை. அதையே நான்கு காலுக்கு மாற்றினோம். அண்ணன் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"எம்மா, கீழ அடைக்கவா, தொறந்து விடவா?"

"அடைச்சிருங்கண்ணா. அது குளிர் நாடு. வயித்துல காத்துப் பட்டா சளி பிடிச்சுக்கும்."

"ஆம்பளை நாய்க்குமா?"

"சைஸ்தாங்கண்ணா மாறும். பேட்டர்ன் ஒண்ணுதான்."

(இந்தப் பதிலைச் சொன்ன வாயை இன்றும் கண்ணாடியில் பார்க்க நேரும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.)

முதலாளி வீட்டில் பிரின்ஸ், ராணி என்று இரண்டு லேப்ரடார்கள். ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்தோம். தையல் கச்சிதம், அளவு கச்சிதம். எல்லோரும் கை தட்டினார்கள்.

மேடத்துக்குப் போட்டோ போதவில்லை. அவருடைய வாடிக்கையாளர்கள் லீவு நாளில் கடலோரக் காடுகளில் நாயோடு நடப்பவர்களாம். அதே மாதிரி ஓர் இடத்தில், மணலிலும் உப்புக் காற்றிலும், உடையோடு நாய்கள் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். அதை அவர் வீடியோ காலில் நேரலையாகப் பார்க்க வேண்டும். திருப்பூரிலிருந்து எந்தப் பக்கம் கடல் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது சேவியர் அண்ணன் சொன்னார்: "எங்க ஊர்ல கடக்கரை ஓரமா சவுக்குக் காடு மைல் கணக்குல கெடக்கு, மொதலாளி."

விடியுமுன் வேனில் கிளம்பினோம். முதலாளி வாசல் வரை வந்து, "வழியில எறக்கி எறக்கி உட்டுக் கூட்டிட்டுப் போ அம்மிணி, மறந்தறாத" என்றார். நான் மறக்கவில்லை. பின்கதவைத் திறந்தால் இரண்டும் என் மேல் ஏறித்தான் இறங்கும் என்று பயந்தேன். டிரைவர் இரண்டு இடத்தில் டீக்கு நிறுத்தினார். அண்ணன் கதவில் கை வைத்தபோதெல்லாம், "வேண்டாங்கண்ணா, ட்ரெயினிங் எடுத்த நாய்ங்க, அடக்கிக்கும்" என்றேன்.

காடு அழகாகத்தான் இருந்தது. வரிசை வரிசையாகச் சவுக்கு மரங்கள், கீழே மெத்தை போலச் சருகு, மரங்களுக்கு அந்தப் பக்கம் கடல் இரைச்சல். அண்ணனும் டிரைவரும் நாய்களுக்கு உடை மாட்டினார்கள். ஆளுக்கொரு கயிற்றை என் மணிக்கட்டுகளில் சுற்றிவிட்டார்கள். கடைசி பட்டன் விழுந்த நொடியில் ராணி கல்லாகிவிட்டாள். தள்ளினாலும் நகரவில்லை. பிரின்ஸோ காட்டுக்குள் பாய்ந்தான். நான் நடுவில் துணி காயப்போடும் கொடி மாதிரி இரண்டு பக்கமும் இழுபட்டு நின்றேன். கடைசியில் ராணிக்குத் துணையாக டிரைவர் உட்கார்ந்துகொள்ள, பிரின்ஸ் என்னை இழுத்துப் போனான்.

எதிரே சேவியர் அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார். "என்ன நடந்தாலும் போனைத் திருப்பாதீங்க" என்று நான்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

பிரின்ஸ் முதல் மரத்தை மோந்தான். பின்னங்காலைத் தூக்கினான். கால் பாதி உயர்ந்ததும் துணி அதைக் கீழே இழுத்துவிட்டது. அடுத்த மரத்துக்குப் போனான். தூக்கினான், இறங்கியது. அதற்கடுத்த மரம். சவுக்குக் காட்டில் மரத்துக்கா பஞ்சம்?

"அவன் ஏன் ஒவ்வொரு மரத்துக்கும் சல்யூட் அடிக்கிறான்?" என்று மேடம் இங்கிலீஷில் கேட்டார்.

"இயற்கை மேல் ரொம்பப் பிரியம், மேடம்" என்று நானும் இங்கிலீஷில் அளந்தேன்.

பன்னிரண்டாவது மரத்தடியில் பிரின்ஸ் காலைத் தூக்கவில்லை. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் என்னை அண்ணாந்து பார்த்து முனகினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு மணி நேரமாக வேனில் அடக்க வைத்ததும் நான், கீழே அடைக்கச் சொன்னதும் நான். அதுவரை பயத்தில் நடுங்கியவள் அந்த முனகலைக் கேட்டு வெட்கத்தில் குறுகிப்போனேன்.

மண்டியிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நாயைத் தொட்டேன். பட்டன் வரவில்லை. குழந்தை பிய்த்து வாயில் போட்டுவிடக் கூடாது என்று எங்கள் பட்டன்களை மெஷினில் இழுத்துப் பார்த்துத்தான் அனுப்புவோம். அந்த உறுதி என் இரண்டு நகங்களைப் பலி வாங்கியது. குழந்தையையாவது மல்லாக்கப் படுக்கப் போடலாம். இவன் துள்ளிக்கொண்டிருந்தான்.

"எம்மா, வெட்டிருவோமா? கெடந்து துடிக்கான்."

"இந்த சைஸ்ல ஒரே சாம்பிளுங்கண்ணா! ஆர்டரே போயிருமுங்க!"

"சாம்பிள நான் திரும்பத் தச்சிருவேன். இவனுக்கு என்னம்மா செய்ய?"

போனில் மேடத்தின் முகம் தெரிந்தது. இந்தப் பக்கம் பிரின்ஸின் முகம். "வெட்டுங்கண்ணா" என்றேன்.

இடது கையில் போன் திரும்பாமல் அப்படியே இருக்க, அண்ணன் வலது கையால் சட்டைப் பையிலிருந்து நூல் வெட்டும் கட்டரை எடுத்து, தான் நான்கு நாள் தைத்ததை மூன்றே வெட்டில் திறந்துவிட்டார். பிரின்ஸின் கால் வானத்தைப் பார்த்து உயர்ந்தது. மரத்தைத் தேடும் நிலையில் அவன் இல்லை. பக்கத்தில் இருந்தது மண்டியிட்ட நான்.

எழப் பார்த்தேன். "அசையாத எம்மா, பாவம், பாதியில நின்னுரும்" என்றார் அண்ணன். அசையாமல் இருந்தேன். ஆறு மணி நேரத்துச் சரக்கு. சருகு அள்ள வந்திருந்த பெண்கள் சாக்கைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேடம் வீடியோ காலைத் துண்டித்துவிட்டார்.

மறுநாள் மேடத்தின் மெயில் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு அவரே வாசித்து அர்த்தம் சொன்னார்.

"கலர் ஓகேவாமா. தையல் ஓகே. பட்டன் ரொம்ப ரொம்ப ஸ்ட்ராங்காமா. அடுத்த சாம்பிளை, ஒரு நாயையாவது நேர்ல பாத்த ஆள வெச்சுப் போடச் சொல்றாங்க." கண்ணாடியைக் கழற்றினார். "அப்படி ஆளு நம்மகிட்ட யாரு அம்மிணி இருக்காங்க?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நாளைலருந்து வெடியால ஆறு மணிக்கு ஊட்டுக்கு வந்துரு. ஒரு மாசம் பிரின்ஸை நீதான் நடத்திட்டுப் போகோணும்" என்றார். போனேன். முதல் வாரம் அவன்தான் என்னை நடத்தினான். அடுத்த சாம்பிளில் எந்த இடத்தை எவ்வளவு திறந்துவிட வேண்டும் என்று அண்ணனுக்கு அங்குலக் கணக்கில் சொன்னேன். ஆர்டர் வந்தது. சீனியர் பட்டம் வர இன்னும் இரண்டு வருடம் ஆனது.

ஆனால் அந்த மெயில் கதை எப்படியோ எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்து, நான் எதைச் சொன்னாலும் வீட்டில் அதை வைத்தே கிண்டல் செய்வது வழக்கமாகிவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு நல்லா சமைக்குமுங்களா?" என்று கேட்டார். "நல்லா சமைப்பேனுங்க" என்று நான் வாயெடுத்ததும், பக்கத்திலிருந்த அப்பா பழக்க தோஷத்தில், "ஏங்கண்ணு, நீ நேர்ல பாத்திருக்கியா?" என்று கேட்டுவிட்டார். எங்கள் வீட்டார் அத்தனை பேரும் சிரித்து உருண்டார்கள். வந்தவர்கள் திருதிருவென விழித்ததால் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதைக் கேட்டு, வாயிலிருந்த காபியைத் தன் வேட்டியிலேயே துப்பிக்கொண்டவர்தான் இன்று என் கணவர். நான் எந்த விஷயத்தில் அடித்துப் பேசினாலும் அவரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்.

போன வாரம் என் ஆறு வயது மகள் பள்ளியில், திமிங்கிலத்தைப் பற்றிப் பாடம் நடத்திய டீச்சரிடம் எழுந்து நின்று, "மிஸ், நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாளாம். டீச்சர் என்னை வரச்சொல்லி, இப்படிப் பேச எங்கே கற்றுக்கொண்டாள் என்று விசாரித்தார். டி.வி.யைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.