வெயில் அடித்த ஞாயிற்றுக்கிழமை பற்றி மாமாவுக்கு

ஆவடி,
9.11.1991

மதிப்பிற்குரிய மாமா கலியமூர்த்தி அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் குணசேகரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தாட்சாயிணியும் சுகம். அக்காவின் முழங்கால் வலியும் தங்கள் இருமலும் இந்த மழையில் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். அடங்காவிட்டாலும் எனக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மார்க்கெட்டில் என் சித்தப்பா மகன் கோவிந்தன் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தான். நம் ஹேமாவதி கல்யாணத்தில் பெண்ணுக்குப் பட்டம் கட்டப்போவது தான்தான் என்று கத்தரிக்காய்க்காரிக்கும் சேர்த்துக் கேட்கும்படி சொன்னான். "மாமாவே சொல்ட்டாரு குணா. நீ வந்தாலும் வருவே, வராட்டியும் பூடுவே. அதுக்கோசரம் பொண்ணு நெத்திய காட்டிகினு குந்தினு இருக்குமா?" என்றான். மாமா, நான் அக்காவோடு கூடப்பிறந்தவன். அவன் ஒன்றுவிட்டவன். எனக்கு இருப்பது ஒரே அக்கா. அக்காவுக்கு இருப்பது ஒரே பெண். இந்த நெற்றியை விட்டால் தாய்மாமன் என்று நான் பட்டம் கட்ட இந்த உலகத்தில் வேறு நெற்றி கிடையாது.

நிச்சயதார்த்தத்துக்கு நான் நேரத்தில் வராததுதான் என் குற்றம் என்று தெரியும். ஏன் வரவில்லை என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர் என்பது தங்களுக்குத் தெரியும். சம்பந்தி வீட்டாரிடம் தாங்கள் அதை "தையல்கடை" என்று சொன்னது எனக்கும் தெரியும். போகட்டும். ஆயுத பூஜைக்கு எங்கள் தையல்கடையில் எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அடுத்து மிஷினில் ஏறப்போவது ஜெர்மனிக்குப் போகும் வெள்ளைச் சட்டை. பொட்டு வைக்கவேண்டாம், மாலை மட்டும் போடுங்கள் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். "சார் கெமிஸ்ட்ரி படிச்சவரு, சாமிகூட அவருக்கு கறைதான்" என்றார் முதலாளி ராஜசேகரன். எல்லோரும் சிரித்தார்கள். சரி, வேலை ஆரம்பிக்கும்முன் ஒரு பொட்டு விடாமல் துடைத்துவிடவேண்டும் என்று உத்தரவு போட்டேன். துடைத்தார்கள். நானே குனிந்து குனிந்து பார்த்தேன். முன்பக்கம் பார்த்தேன். ஊசிக்குப் பின்னால், தைத்த காலர் நழுவி விழும் பக்கத்தில், காலர் தைக்கும் பெண்கள் ஆளுக்கு ஒரு பொட்டை மிச்சம் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அதற்குள் அந்த ஆர்டரில் பாதிச் சட்டை கழுத்தில் குங்குமத்தோடு மடித்து அடுக்கப்பட்டிருந்தது.

அவர்களுக்குத் தலைவி வேம்புலியம்மாள். கூப்பிட்டுக் கேட்டேன். "சாமிக்கு வெச்ச பொட்டு சார். அல்லாத்தையும் தொட்ச்சிட்டா மிசினு மூளியா பூடாது? ஒண்ணாவது கீட்டும்னு உட்டோம். உனுக்கு நல்லது நெனச்சிதான் உட்டோம்" என்றாள். எனக்கு நல்லது நினைப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் மாமா, வெளியிலும் சரி, உறவிலும் சரி.

இதற்கு மேல் நடந்ததுதான் கொடுமை, கறையில் சோப்பு படக்கூடாது, குங்குமம் மஞ்சளில் செய்தது, சோப்பு பட்டால் இன்னும் சிவக்கும் என்று நான் மாடிப்படி ஏறி முதலாளியிடம் சொல்லிவிட்டு இறங்குவதற்குள், அவர் போனிலேயே சொல்லி, கீழே சலவைச் சோடா போட்ட தொட்டியில் அத்தனையையும் முக்கிவிட்டார்கள், பொட்டு அளவு இருந்தது வெற்றிலை எச்சில் துப்பின மாதிரி ஆகிவிட்டது, அப்புறம் "கெமிஸ்ட்ரி சார், ஏதாவது பண்ணுங்க சார்" என்று என்னிடமே வந்தார், நான் மூட்டை எலுமிச்சம்பழம் வாங்கப் போனேன், கடைக்காரன் "இன்னா சார், எந்தக் கோயிலு?" என்று கேட்டான், பிழிந்து ஊறவைத்ததில் சிவப்பு இறங்கி மஞ்சளாச்சு, அந்த மஞ்சள் போகணும்னா வெயில் வேணும், வேறெதற்கும் போகாது, ஐப்பசியில் நான் எங்கே போவேன் வெயிலுக்கு? வாரம் முழுக்க வானம் மூடியே கிடந்தது. திங்கட்கிழமை சரக்கு துறைமுகத்துக்குப் போகணும். ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டு நிச்சயம். காலையில் பட்டு வேஷ்டி கட்டி, தாட்சாயிணி வரிசைத் தட்டோடு பின்னால் உட்கார, ஸ்கூட்டரை உதைக்கிறேன், அடித்தது பாருங்கள் வெயில்!

"வேணாங்க. இன்னிக்கி ஒரு நாள் மேல பாக்காதீங்க" என்றாள் தாட்சாயிணி. பார்த்துவிட்டேன். அவளைத் தங்கள் சென்னீர்குப்பத்துக்குப் போகிற பஸ்ஸில் தட்டோடு ஏற்றிவிட்டு, ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லி அம்பத்தூருக்குத் திரும்பினேன். வேம்புலியம்மாளும் நாலு பெண்களும் வந்திருந்தார்கள். காம்பவுண்டு முழுக்கக் கயிறு கட்டிச் சட்டையைப் போட்டோம். எதிர்க் கம்பெனி வாட்ச்மேன் "இன்னா சார், லாண்டரி தொறந்துட்டியா?" என்றான். மஞ்சள் கண்ணெதிரில் வெளுத்துக்கொண்டு வந்தது. அதை விட்டு எப்படிப் போவது? கிளம்பலாம் என்று வண்டிகிட்டே போனா ஏரிப் பக்கமா மேகம் ஏறுது. அள்ளு! மேகம் போச்சு, மறுபடி போடு! வேஷ்டிய மடிச்சுக் கட்டினு நானும் அள்றேன், நானும் போடறேன். "நீ போ சார், ஊட்ல விசேசம்னியே, நாங்க பாத்துக்கறோம்" என்று வேம்புலியம்மாள் சொன்னாள். பொட்டையும் அவர்கள்தானே பார்த்துக்கொண்டார்கள்? நான் போகவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது பந்தியே முடிந்திருந்தது. தாம்பூலம் மாற்றும்போது "தாய்மாமன் எங்கே?" என்று ஐயர் மூன்று தரம் கேட்டதாகவும், நாலாம் தரம் கோவிந்தன் எழுந்து நின்றதாகவும் தாட்சாயிணி சொன்னாள். எனக்காக வாங்கின மாலை அவன் கழுத்தில் இருந்தது. சபையில் அத்தனை பேர் முன்னால் "இன்னா குணா, சட்ட காஞ்சிச்சா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அது போகட்டும் மாமா. தாங்களும் சிரித்தீர்கள். இருமலுக்கு நடுவில் சிரித்தீர்கள்.

இருந்தாலும் எனக்கு யார் மீதும் கோபமில்லை. கேட்பது ஒன்றே ஒன்று. கல்யாணத்தன்று பட்டம் கட்டுவது நான். முதல் நாளே லீவு போட்டுவிட்டு மண்டபத்துக்கு வந்து திண்டில் தலை வைத்துப் படுத்துவிடுகிறேன். ஐயர் ஒரு தரம் கூப்பிட்டால் போதும். கோவிந்தனை யாராவது சாம்பார் வாளி தூக்கச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். ஹேமாவதி பதினாறும் பெற்று நிறைவாக வாழ மாமனின் ஆசி. தங்கள் மனம் இந்த ஒரு விஷயத்தில் இளகவேண்டும்.

இப்படிக்கு,
கூடப்பிறந்த தாய்மாமன்
குணசேகரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்முன் முதலாளி கூப்பிட்டனுப்பினார். விமானத்தில் முன்னால் அனுப்பின சாம்பிள் சட்டை ஜெர்மன்காரனுக்குப் பிடித்துவிட்டதாம். இவ்வளவு வெள்ளையை இந்தியாவிலிருந்து பார்த்ததில்லையாம். அதே வெள்ளையில் இரண்டு மடங்கு கேட்கிறான். சரக்கு ஏறும் நாள் நம் முகூர்த்த நாள். முடியாது, எனக்கு ஒரே அக்கா பெண் என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிட்டேன். அவரும் தங்கமாக, "தாராளமாப் போய்ட்டு வாங்க சார், உங்க அசிஸ்டென்ட் பால்ராஜ் வெயில்ல போட்டு எடுத்துடுவான்" என்றார். பால்ராஜ்! சட்டையை உள்பக்கம் திருப்பிப் போடணும்னுகூடத் தெரியாதவன். அவன் காயவைத்து அது ஜெர்மனிக்குப் போய், அந்த வெள்ளை அவன் பேரில் நிற்பதா? பட்டத்தைத் தாட்சாயிணியிடம் கொடுத்தனுப்புகிறேன். கோவிந்தனே கட்டட்டும். பின்னால் முடிச்சை மட்டும் அக்காவை ஒரு தரம் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.