இரண்டு அழுத்தக்காரிகள்

கல்யாணமான நாளிலிருந்து மூடி சார் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தி வந்தார். "என்ன இருந்தாலும் உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்!" காலையில் போர்வைக்குள் இருந்தபடி இதைச் சொன்னால் காபி வரும். கொஞ்சம் சுருதி கூட்டிச் சொன்னால் இரண்டாவது காபியும் வரும். சர்க்கரை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அவசியம் அவருக்கு ஏற்பட்டதே இல்லை.

மூடி சார் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். தகர டப்பாக்களுக்கு மூடி செய்யும் தொழிற்சாலையில் அவருக்குத் தரம் பார்க்கிற வேலை. மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். ஊசிமுனை ஓட்டை தெரிந்தால் குப்பைக்கு. தெரியாவிட்டால் "பாஸ்". பேர்தான் மூடி, அவர் வாய்க்கு மட்டும் மூடி கிடையாது.

அந்த வாய்தான் மாட்டிவிட்டது. கம்பெனி விருந்தில் மெஷின் காபி குடித்துவிட்டு வந்தவர், மறுநாள் காலை மனைவி நீட்டிய காபியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இது காபியா, டம்ளர் கழுவின தண்ணியா?" என்று கேட்டுவிட்டார்.

அவள் டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவள் அழுத்தக்காரி. உள்ளே எவ்வளவு கொதித்தாலும் வெளியே ஒரு சொட்டு வராது.

மறுநாளிலிருந்து அவருக்குக் காபி நின்றது. அவள் தனக்கு மட்டும் போட்டுக் குடித்தாள். வாசனை மட்டும் படுக்கையறை வரை வந்து அவரை விசாரித்துவிட்டுப் போனது. மன்னிப்புக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் மூடி சாருக்கு மானம் பெரிது. சனிக்கிழமையே ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார்.

"என்னங்க இது?"

"எஸ்பிரெஸோ மெஷின். செகண்ட் ஹேண்ட். ஒரு காபிக்கடைக்காரர் கடையை மூடிட்டார்."

"ஏன் மூடினார்?"

"அது அவர் சொந்த விஷயம்."

"காபி நல்லா இல்லையோ?"

"இது ஓடட்டும், அப்புறம் பேசு. இனிமே என் காபியை நானே போட்டுக்குவேன்!"

"உங்க காபியை மட்டும்?"

"மட்டும்!"

"சரிங்க" என்றாள். பெட்டியில் கிடந்த சாமான்களை எல்லாம் கழுவப் போனாள். திரும்பி வந்து, காபித்தூள் போடுகிற கைப்பிடியையும் அதற்குள் உட்கார வேண்டிய சின்ன எவர்சில்வர் கிண்ணத்தையும் நீட்டினாள். மூடி சார் பழக்கதோஷத்தில் கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாஸ்!"

அவள் அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லைங்க. நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்."

தூள் போட்டு, அழுத்தி, கைப்பிடியைத் திருகி மாட்டி, பொத்தானை அமுக்கினார். மெஷின் உறுமியது. முகப்பில் இருந்த முள் விறுவிறுவென்று சிவப்புக்கோட்டுக்கு ஏறியது.

"அழுத்தம் ஏறுது பாரு!"

"அழுத்தம் ஏறுது. காபி எங்கே?"

ஒரு சொட்டு வரவில்லை. குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். பொறுமையிழந்து கைப்பிடியைத் திருகிக் கழற்றினார். டமார்! காபிச் சேறு முகத்தில் பாதியும் சுவரில் மீதியுமாக அப்பியது. அவள் ஒரு ஈரத்துணியை நீட்டினாள்.

"சுவரைத் துடைச்சிடுங்க. காஞ்சா போகாது."

மறுநாள் எதிர்வீட்டுப் பல் டாக்டரைக் கூப்பிட்டார். இயந்திரம் என்றால் டாக்டருக்கு உயிர். டார்ச் அடித்து மெஷினின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"அடடா, எத்தனை வருஷ அழுக்கு! ஸ்கேலிங் பண்ணணும் சார்."

"எனக்கா?"

"மெஷினுக்கு. சரி, ஆவி வருதா?"

"பால் நுரைக்கிற குழாயில வருது டாக்டர்."

"அப்ப ஆவி இன்னும் பிரியலை. காப்பாத்திடலாம்."

எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றினார்கள். குழாய்களைக் கழற்றி ஊதினார்கள். ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றினார்கள். இத்தனைக்கும் இடம் வேண்டுமே! மூடி சார் மேடையை ஒழித்தார். பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தார். சாயங்காலம் பொத்தானை அமுக்கினார்கள். முள் சிவப்புக்கு ஏறியது. காபி வரவில்லை. டமார்! இந்தத் தடவை டாக்டரின் சட்டை.

"உள்ளே இவ்வளவு அழுத்தம் இருக்கு, வெளியே ஒண்ணுமே வரலையே!" என்றார் டாக்டர் துடைத்துக்கொண்டே.

"எனக்குப் பழக்கம்தான் டாக்டர். வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு" என்றார் மூடி சார். பின்னால் மனைவி நிற்பதைக் கவனிக்கவில்லை.

கவனித்ததும் சமாளித்தார். "இந்தா பாரு, இது மட்டும் ஓடட்டும். என் காபி மட்டுமில்ல, உன் காபியையும் நானே போடுறேன்."

"எனக்குமா? தினமுமா?"

"தினமும்!"

"சரிங்க" என்று உள்ளே போனாள்.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் மூடி சார் நேராகச் சமையலறைக்குள் போனார். தூளை மாற்றினார், தண்ணீரை மாற்றினார், பிளக்கை மாற்றினார். கூரையைத் துடைக்க ஏணி வாங்கினார். காபி இல்லாமல் தலைவலி வேறு. மனைவியின் டம்ளர் போகிற பக்கமெல்லாம் அவர் மூக்கும் போனது. அந்தக் கழுவின தண்ணிக்காக அவர் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல.

வெள்ளிக்கிழமை அவளுடைய அண்ணன் போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். மூடி சாரின் பழைய சாதனைகளெல்லாம் அவருக்குத் தெரியும். பரணில் ரொட்டி சுடும் மெஷின் தூங்கியது. நடைபழகும் மெஷினில் துணி காய்ந்தது.

"ஏதோ காபி மெஷினாமே மாப்ள? பரண்ல இடம் இருக்கா?" என்று சிரித்தார்.

மூடி சாருக்குச் சுருக்கென்றது. "மச்சான்! ஞாயித்துக்கிழமை இதுல காபி வந்தா, ஆயுசுக்கும் இந்த வீட்ல காலைக் காபி என் கையாலதான். வரலைன்னா மெஷின் பரணுக்கு. நானும் காபியைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்!"

"ஆயுசுக்குமா?" பக்கத்தில் நின்ற மனைவி கேட்டாள்.

"ஆயுசுக்கும்!"

"அண்ணா, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டேன் தங்கச்சி. நான் சாட்சி."

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து நாற்காலியைச் சமையலறைக்குள்ளேயே போட்டு உட்கார்ந்தார். மூடி சார் தூள் டப்பாவை மூன்று தடவை திறந்து மூடினார். ஒரு வாரம் ஓடாதது இன்றைக்கு மட்டும் ஓடுமா? மச்சான் முன்னால் முகத்தில் சேறு அப்பினால் அந்தக் கதை சொந்தக்காரர் வீடு பூராவும் சுற்றுமே!

"கைப்பிடியைக் குடுங்க. அண்ணன் குடிக்கப் போறார், ஒரு தடவை கழுவித் தர்றேன்" என்றாள் மனைவி. முதுகைக் காட்டிக்கொண்டு கழுவினாள், துடைத்தாள், கிண்ணத்தைப் பொருத்தி நீட்டினாள். இருந்த பதற்றத்தில் மூடி சார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க மறந்தார்.

தூள் போட்டார். மாட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினார்.

"மாப்ள! வருது மாப்ள!"

கண்ணைத் திறந்தார். தேன் நிறத்தில், நூல் பிடித்தாற்போல், கப்புக்குள் காபி இறங்கிக்கொண்டிருந்தது. மச்சான் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"அசத்திட்டீங்க! இனிமே உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன்."

"பொறுமை வேணும் மச்சான்" என்றார் மூடி சார் காலரைச் சரிசெய்தபடி. "அதோட, தரம் பார்க்கிற கண்ணும் வேணும்."

அன்று முழுவதும் அவர் தரையில் நடக்கவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலையில் விலாவில் ஒரு முழங்கை இடித்தது.

"என்னங்க, விடிஞ்சிடுச்சு. காபி."

எழுந்து போனார். இரண்டு கப் போட்டார். சர்க்கரை?

"சர்க்கரை எங்கே இருக்கு?"

"மேல் அலமாரி, நீல டப்பா" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஸ்பூனை விட்டார். 'டங்' என்று ஏதோ தட்டியது. சர்க்கரைக்குள்ளிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் வந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. "பாஸ்" என்று சொல்லப் போன வாய் அப்படியே நின்றது. ஓடிப்போய் மெஷினின் கைப்பிடியிலிருந்த கிண்ணத்தைக் கழற்றித் தூக்கிப் பிடித்தார். அடியெல்லாம் பொடிப்பொடி ஓட்டை, சல்லடையாக வெளிச்சம். வடிகட்ட ஓட்டையே இல்லாமல் வடிகட்டின முட்டாளாக ஆனவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கிண்ணத்தோடு படுக்கையறைக்குப் போனார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாள் கழுவும்போதேங்க. தண்ணி ஊத்தினேன், இறங்கலை. மெஷினைச் சுத்தம் பண்றதுக்குப் போடுற கிண்ணம் போல. ஓட்டை போட்டது பெட்டியில தனியாக் கிடந்துச்சு. நீங்க கை வைக்காத இடமாப் பார்த்து பத்திரமா வச்சேன். நேத்து கழுவும்போது ரெண்டையும் மாத்திட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"அன்னிக்கு நீங்க உங்க காபியை மட்டும்தானே போட்டுக்கிறேன்னு சொன்னீங்க?"

மூடி சார் வாயைத் திறந்தார். முதல் தடவையாக அதிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

அவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு சொன்னாள்: "ஆறுறதுக்குள்ள கொண்டு வாங்க. என்ன இருந்தாலும் உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்!"