நூற்றில் மூன்று பேர்

கூடுதல் வாரண்டி எடுத்த புத்திசாலி ஒருவர்கூட இவ்வுலகில் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறப்பதற்கான வாய்ப்பும் மிகக் குறைவு. இந்த உண்மையை நிகழ்தகவு ஒரு சனிக்கிழமை காலை, வீட்டுச் சாமான் கடையில் பில் போடும் மேசைக்கு முன்னால், முதுகுக்குப் பின்னே ஆறு பேர் காத்து நிற்க, புத்தம்புது வாஷிங் மெஷினின் தலையில் வலது கையை வைத்துக்கொண்டு அறிவித்தார். சத்தியம் செய்வதுபோலவே இருந்தது என்று பிற்பாடு அவர் மனைவி சொன்னாள்.

விற்பனையாளர் கேட்டது ஒரே கேள்விதான்.

"மூணு வருஷத்துக்குக் கூடுதல் வாரண்டி போட்டுடலாமா சார்?"

நிகழ்தகவு என்பது அவர் பெயரல்ல. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவருக்கு மாணவர்கள் மனமுவந்து சூட்டிய பட்டம். பஸ் வருமா என்று கேட்டால் வரும், வராது என்று மனிதர்கள் சொல்லும் பதிலை அவர் சொன்னதில்லை. பூச்சியம் புள்ளி எட்டு என்பார். பட்டம் ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் கோபம் வந்தால் அதுதான் கூப்பிடும் பெயர்.

"தம்பி, இது கெட்டுப்போகாதுன்னு சொல்லித்தானே இவ்வளவு நேரம் வித்தீங்க?"

"ஆமா சார்."

"இப்ப கெட்டுப்போகும்னு சொல்லி வாரண்டியை விக்கிறீங்க."

"சார், இந்த மாடலுக்கு..."

"இருங்க, முடிச்சுக்கிறேன்."

முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. மோட்டார் புகைய எவ்வளவு வாய்ப்பு, பெல்ட் அறுந்துபோக எவ்வளவு, தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப் அடைத்துக்கொள்ள எவ்வளவு, கதவு திறக்க மாட்டேன் என்று துணியோடு அடம்பிடிக்க எவ்வளவு, போர்டு சத்தமில்லாமல் உயிரை விட எவ்வளவு என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார். எல்லாவற்றையும் கூட்டினால் நூற்றுக்கு மூன்று பேர். மீதி தொண்ணூற்றேழு பேரும் ஏமாளிகள். நடுவில் விற்பனையாளர் இன்னும் இரண்டு தடவை "சார், இந்த மாடலுக்கு" என்று வாயெடுத்தார். இரண்டு தடவையும் நிகழ்தகவு வகுப்பில் செய்வதுபோல ஆள்காட்டி விரலை உயர்த்தினார். அந்த விரலுக்கு அறுபது பேர் அடங்குவார்கள்; ஒருவர் எம்மாத்திரம்.

அவர் மனைவிக்குக் கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கும் வேலை. வருகிறவர்களை நாள் முழுக்கக் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிச் சொல்லி, எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் கடைசி வரிவரை போகாமல் விடமாட்டாள். கணவர் விரல் மடக்கிக்கொண்டிருந்த நேரத்தில் மெஷினோடு வந்த காகிதங்களைப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்த மூணு பேர் யாருங்க?"

"யாரோ."

"யாரோன்னா? அவங்களுக்கும் வீடு வாசல், துணிமணி எல்லாம் இருக்கும்ல. மெஷின் நின்னுட்டா அவங்க வீட்டுல யாரு துவைப்பா?"

"நம்ம வீட்டுல நிக்காது. நின்னா நான் துவைக்கிறேன், போதுமா?"

வரிசையில் நின்ற ஆறு பேரும் இருமுவதைக்கூட நிறுத்தினார்கள்.

"எழுதித் தருவீங்களா?"

பின்வாங்கினால் மூக்கு உடையும். விற்பனையாளர் பேனாவை நீட்டினார். பில்லின் நகலைத் திருப்பிப் போட்டு நிகழ்தகவு எழுதினார்: மேற்படி மெஷின் எக்காரணத்தாலாவது நின்றுபோனால், அது மறுபடி ஓடும்வரை வீட்டுத் துணி அனைத்தையும் நானே கையால் துவைப்பேன். இதுவே என் வாரண்டி. கீழே கையெழுத்து, தேதி. 'அனைத்தையும்' என்ற சொல்லை எந்தக் கேடுகாலத்தில் சேர்த்தோம் என்று பிற்காலத்தில் பல காலைப் பொழுதுகளில் அவர் யோசித்ததுண்டு.

காகிதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தின் அடியில் குடியேறியது.

பன்னிரண்டு மாதம் மெஷின் தங்கமாக ஓடியது. ஆசிரியர் அறையில் வேதியியல்காரர் புது டிவிக்கு வாரண்டி எடுக்கலாமா என்று தெரியாத்தனமாகக் கேட்டு, ஒரு பீரியட் முழுக்க மாட்டிக்கொண்டார். வாரண்டி விலையைவிடப் பெரிதாக ரிப்பேர் செலவு வந்ததாகச் சரித்திரமே கிடையாது என்று நிகழ்தகவு கரும்பலகையில் எழுதாத குறை.

பதின்மூன்றாம் மாதம் மெஷின் வாய் திறந்தது. டக். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, டக் டக்.

"என்னங்க சத்தம்?" என்றாள் மனைவி.

"சட்டைப் பட்டன்."

"நான் போட்டது போர்வை."

பட்டனில்லாத போர்வை ஒன்று பட்டன்போல் சத்தமிடுவது அவர் கணக்கில் இல்லாத நிகழ்வு. மெஷின் சமமாக நிற்கவில்லை, தரைதான் கோணல் என்று முடிவுக்கு வந்தார். மறுநாள் மனைவி வேலைக்குப் போனதும், கைக்கு அடக்கமாக எது இருக்கிறது என்று பார்த்தார். திருத்தி முடித்த இரண்டாம் ஆண்டு விடைத்தாள்கள் அறுபத்திரண்டு இருந்தன. அவற்றைக் கட்டாகவே மெஷினின் ஒரு காலுக்கு அடியில் சொருகினார்.

மெஷினுக்கு அதுவரை இருந்தது சத்தம் மட்டுந்தான். இப்போது நடையும் வந்துவிட்டது. துணி பிழியும் கட்டத்தில் தன் இடத்தை விட்டுக் கிளம்பி, குளியலறை வாசல்வரை வந்து, பின்பக்கக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு நின்றது. தண்ணீர் முதலில் விடைத்தாள்களுக்கும் பிறகு கூடத்துக்கும் போயிற்று.

சாயங்காலம் மனைவி வீட்டுக்குள் நுழைந்தபோது, கொடியில் அறுபத்திரண்டு விடைத்தாள்கள் கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தன.

அவள் ஒன்றிரண்டைப் பிடித்துப் பார்த்தாள். "இதையும் மெஷின்லதான் போட்டீங்களா?"

மதிப்பெண்களெல்லாம் நீலக் கறையாகிவிட்டதால் அந்த முறை இரண்டாம் ஆண்டில் அனைவரும் தேறினார்கள். கல்லூரி வரலாற்றிலேயே முதல் தடவை என்று முதல்வர் அவரைக் கூட்டத்தில் பாராட்டினார். அவர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

டக் டக் மட்டும் போகவில்லை. கைவைத்த வேலையை முடிக்காமல் விடுவது அவர் பரம்பரையில் இல்லை. மறுவாரம் லீவு போட்டுவிட்டு, செல்போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, மெஷினின் முதுகைத் திறந்தார். திறப்பதற்குக் குறுக்கே ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, கிழித்துவிட்டுத் திறந்தார். உள்ளே எல்லாம் வீடியோவில் இருந்ததுபோலவே இருந்தன, இடப்பக்கத்தில் இருக்கவேண்டியது வலப்பக்கத்தில் இருந்ததைத் தவிர. பார்த்ததை முறுக்கினார், ஆடியதை அழுத்தினார், ஒயர் ஒன்று கையோடு வந்தபோது பொருத்தமாகத் தோன்றிய இடத்தில் சொருகினார். மூடியபோது ஒரு திருகாணி மிச்சம். ஸ்டிக்கரை விடைத்தாள் ஒட்டும் பசையால் திரும்ப ஒட்டினார்.

மனைவி வந்ததும், "சத்தம் நின்னுடுச்சு" என்று சொன்னார். அது பொய்யல்ல. மெஷின் மூச்சே விடவில்லை.

அவள் நாலு பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அதற்குத் தயாராக இரண்டு உதாரணங்களும் வைத்திருந்தார். அவளோ கையைத் துடைத்துக்கொண்டு, செல்போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் யாரிடமோ ரெண்டு நிமிஷம் பேசிவிட்டு வந்தாள். வந்தவள் காந்தத்தை நகர்த்தி, காகிதத்தை எடுத்து, ஆஸ்பத்திரியில் செய்வதுபோல அவர் முகத்துக்கு எதிரே சரியான தூரத்தில் பிடித்தாள்.

"கடைசி வரியைப் படிங்க."

"இதுவே என் வாரண்டி," என்று படித்தார்.

"பார்வை நல்லாத்தான் இருக்கு."

மறுநாள் காலையிலிருந்து நிகழ்தகவு குளியலறையில் குந்தினார். துணி என்பது எவ்வளவு கனமான பொருள் என்பதும், போர்வை ஈரமானால் அது போர்வையே அல்ல, எதிரி என்பதும் முதல் நாளே புரிந்தன. மூன்றாம் நாள் இடுப்பு தனியாகக் கழன்றுவிட்டதுபோல் இருந்தது. விரல் நுனிகள் உரிந்து, வகுப்பில் சாக்பீஸைத் தொட்டாலே எரிந்தது. "ஒரு நிகழ்வுக்கு வாய்ப்பு நூத்துக்கு மூணுன்னா" என்று ஆரம்பித்தவர், மேலே சொல்லப் பிடிக்காமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

மெக்கானிக்கைக் கூப்பிடாமல் இல்லை. தெருமுனையில் கடை வைத்திருந்தவர் வந்து, முதுகைத் திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"போர்டு போயிடுச்சு சார். யாரு சார் இதைத் திறந்தது?"

"எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க."

அவர் சொன்ன தொகை, கடையில் வேண்டாமென்று தள்ளிய வாரண்டியைப்போல் மூன்று மடங்கு. அதைக் கொடுத்துச் சரிசெய்தால் செய்தி ஆசிரியர் அறைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஒரே ஒருவர் சொன்னதை வைத்து முடிவுக்கு வருவது புள்ளியியலுக்கே இழுக்கு என்று சொல்லி இன்னும் இரண்டு பேரை அழைத்தார். இரண்டாமவர் இன்னும் கூடுதலாகச் சொன்னார். மூன்றாமவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பைச் சராசரியில் சேர்க்க வழியில்லை.

இதற்கிடையில் வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. மனைவி நாளுக்கு நாள் இனிமையாகிக்கொண்டே வந்தாள். ஒரு சுடுசொல் இல்லை. மெஷினை எப்போது சரிசெய்வீர்கள் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. காலையில் எழுந்து, பளிச்சென்று துவைத்துக் காயும் சட்டைகளைப் பார்த்து, "மெஷின்ல இவ்வளவு வெள்ளையா வராதுங்க" என்றாள். இரண்டாவது வாரம் சோபா உறைகள் வந்தன. மூன்றாவது வாரம் கூடத்துத் திரைச்சீலைகளைக் கழற்றி, மடித்து, அன்போடு வாளிக்குப் பக்கத்தில் வைத்தாள். இவ்வளவு பொறுமைசாலியை ஏமாற்றும்படி ஆயிற்றே என்று திரைச்சீலையை முறுக்கும்போது அவருக்குக் கண் கலங்கியது. சோப்பாகவும் இருக்கலாம்.

நான்காவது வாரம், படுக்கையறைத் திரைச்சீலைகளில் அவள் கண் போவதைப் பார்த்த அன்று, அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வெளியே சொல்லத்தகாத முடிவு. மத்தியான நேரம், கூட்டமில்லாத வேளை பார்த்து, தலையில் தொப்பியோடு அந்தக் கடைக்குள் நுழைந்தார்.

"வாங்க சார்," என்று தொப்பியைத் தாண்டி வரவேற்றார் அதே விற்பனையாளர். "உங்களை மறக்க முடியுமா? அன்னைக்கு உங்க பின்னாடி நின்ன ஆறு பேரும் வாரண்டி எடுத்துட்டாங்க சார். எதெது எப்படியெப்படிக் கெட்டுப்போகும்னு நாங்ககூட அவ்வளவு விவரமாச் சொன்னதில்லை."

நிகழ்தகவு தொண்டையைச் செருமினார். நண்பர் ஒருவருக்காக விசாரிக்க வந்ததாகச் சொன்னார். ஒரு மெஷின் வாங்கிப் பதினாலு மாதம் ஆகியிருந்தால், அதுவும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இப்போது கூடுதல் வாரண்டி எடுக்க ஏதாவது வழி உண்டா?

"தாராளமா எடுக்கலாமே சார். கம்பெனி வாரண்டி முடியறதுக்குள்ள எடுத்தாப் போதும்."

"அது ஒரு வருஷத்துல முடிஞ்சிருக்குமே."

"எந்த மாடல் சார்?"

நண்பரின் மாடலைச் சொன்னார்.

"அட, அது உங்க மாடல்தானே. அதுக்குக் கம்பெனியே ரெண்டு வருஷம் கொடுக்கிறாங்க சார். வாரண்டி அட்டையில கடைசி வரியில போட்டிருக்கும். அன்னைக்கு அதைத்தான் மூணு தடவை சொல்ல வந்தேன். நீங்க விரலைக் காட்டிட்டீங்க."

கடையில் நூறு மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தும் நிகழ்தகவுக்கு வியர்த்தது. இன்னும் பத்து மாதம். இலவசம். ஒரு போன் அடித்தால் வந்திருப்பார்கள். போர்வைகளும் சோபா உறைகளும் திரைச்சீலைகளும் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்து போயின.

"பின்பக்கம் யாரும் திறக்கலையே சார்? திறந்திருந்தாத்தான் பிரச்சினை."

சட்டைப் பையிலிருந்த திருகாணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அதைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை என்றார்.

விற்பனையாளர் ஒரு படிவத்தை நகர்த்தினார். மூணு வருஷக் கூடுதல் வாரண்டி. நிகழ்தகவு இடம் வலம் பார்த்தார். தெரிந்த முகம் எதுவும் இல்லை. வேண்டாம் என்று சொல்லக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டவர், கையெழுத்தை ஒரே விநாடியில் போட்டு முடித்தார். படிவத்தின் நகலை நாலாக மடித்து, தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்படியே ஒரு புகாரும் பதிஞ்சுக்குங்க," என்று குரலைத் தாழ்த்தினார். "மெஷின் நின்னுபோச்சு. சீக்கிரம் ஆள் அனுப்பினா நல்லது. இன்னைக்கே முடியுமா?"

விற்பனையாளர் பில் நம்பரைத் தட்டினார். திரையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"புகார் நாலு வாரம் முன்னாடியே பதிஞ்சிருக்கே சார். மேடம்தான் போன் பண்ணியிருக்காங்க. மறுநாளே ஆள் வர்றதாச் சொன்னதுக்கு, 'இப்ப வேண்டாங்க, வீட்டுல எழுதிக் கொடுத்த வாரண்டி ஒண்ணு நல்லாவே துவைக்குது, அது நிக்கிற அன்னைக்கு நானே கூப்பிடுறேன்'னு சொல்லியிருக்காங்க."