பூட்டு அண்ணாச்சி ஐந்தருவிக்குப் போன நாள்

தென்காசி மாவட்டத்தில் மட்டுமல்ல, அருவி விழுகிற எந்த ஊரிலும் பூட்டு அண்ணாச்சியைப் போல ஒரு சந்தேகப்பிராணி பிறந்திருக்க முடியாது. மனைவி போன் செய்தால்கூட, "நம்ம பசுமாட்டுக்குப் பேரென்ன?" என்று கேட்டு, சரியான பதில் வந்த பிறகுதான் பேசுவார். ஒருநாள் அந்தம்மா கோபத்தில், "உங்க பேருதான் வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டார். "தப்பான பதில்" என்று போனை வைத்துவிட்டார் அண்ணாச்சி.

தென்காசியில் ஒரு சின்ன அலுவலகத்தில் நானும் அண்ணாச்சியும் வேலை பார்த்தோம். குற்றாலத்து லாட்ஜுகளுக்கு ரூம் புக்கிங் இணையதளங்கள் நடத்துவது தொழில். போன் எடுப்பது நான். தளங்கள் ஓடுகிற சர்வர் கம்ப்யூட்டர்களைக் கட்டிக் காப்பது அவர். எந்தத் தளத்தைத் திறந்தாலும், முகவரிக்குப் பக்கத்தில் பாதுகாப்பைக் காட்டும் பூட்டுப் படம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். பெயர் வந்தது அப்படித்தான். நண்பர் ஒருவர் கல்யாண அழைப்பை இணையதளமாக அனுப்பியபோது, "பூட்டு இல்லியேய்யா, எப்படி நம்பி வர?" என்று கேட்டவர்.

அந்த வருடம் சாரல் பிடித்து, கூட்டம் சேரத் தொடங்கிய நேரம். பிரவுசரின் புதிய பதிப்பு வந்தது. இணையதளங்களுக்குப் பழைய முறையில் வாங்கிய பாதுகாப்புச் சான்றிதழ்களைக் காலக்கெடு மிச்சமிருந்தாலும் இனி ஏற்கமாட்டேன் என்றது. முன்னாடியே மாற்றிவிடலாம் என்று அண்ணாச்சி மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். "சீசன் முடியட்டும்வே" என்று தள்ளிப்போட்டவர் முதலாளி.

அன்று காலை எங்கள் தளங்கள் எல்லாவற்றிலும் சிவப்பு எச்சரிக்கை: 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல.' லாட்ஜ்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட, போன் அலறியது.

"என்னம்மா, கனெக்‌ஷன் சரியில்லைன்னு வருதே? கரண்டா, தண்ணியா? பைப்பு இப்பதான மாத்துனோம்!"

"எங்க லாட்ஜ்ல திருடன் இருக்கான்னு ஊரெல்லாம் காட்டுதியளா?"

முதலாளி முகம் வெளுத்துவிட்டது. "இந்த வாரம் இப்படியே போச்சுன்னா எல்லாரும் வேற ஆள்ட்ட போயிருவாவ. பெறவு நாம கடையப் பூட்ட வேண்டியதுதான்."

அண்ணாச்சி உட்கார்ந்து ஒவ்வொரு தளத்துக்கும் புதிய சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தார். ஒரு சிக்கல். லாட்ஜ் உரிமையாளருக்கு வரும் மெயிலைத் திறந்து அவர் சம்மதம் தந்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். மதியத்துக்குள் எல்லோரும் வழிக்கு வந்துவிட்டார்கள், மேலகரத்துக்காரர் ஒருவரைத் தவிர. இருப்பதிலேயே பெரிய லாட்ஜ் அவருடையது. ஆள் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தார்.

அண்ணாச்சி ஸ்கூட்டரை எடுத்தார். நடந்ததை லாட்ஜ்காரரே பிறகு போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பேன்ட் சட்டையோடு வரிசையில் நின்று, அருவிக்குள் நுழைந்து, எண்ணெய் வழிய நின்றவரிடம் அண்ணாச்சி கத்தியிருக்கிறார்: "மெயிலத் திறக்கணும்!"

"என் போனு லாட்ஜ்ல இருக்குவே. நீரே திறந்துக்கிடும். பாஸ்வேர்டு..."

"சொல்லாதிய!"

"என்னது? கேக்கல! பாஸ்வேர்டு, என் பொஞ்சாதி பேரு, பெறவு ஒண்ணு ரெண்டு மூணு!"

அருவி இரைச்சலையும் மீறி அது குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டாராம். ஈரத்துண்டோடு அவரை ஸ்கூட்டரில் ஏற்றி லாட்ஜுக்குக் கூட்டிப்போய், முதலில் பாஸ்வேர்டை மாற்றவைத்து, அப்புறம்தான் மெயிலைத் திறக்கவிட்டிருக்கிறார்.

கடைசித் தளத்திலும் சிவப்பு மறைந்தது. புக்கிங் மறுபடி வர ஆரம்பித்தது. கடையைப் பூட்ட வேண்டி வரவில்லை; அந்த வேலையில்தான் இன்றும் நான் இருக்கிறேன்.

சொட்டச் சொட்ட அலுவலகம் திரும்பிய அண்ணாச்சி, நேராக என் மேஜைக்கு வந்தார். போன் இன்னமும் ஓயவில்லை. காலையில் பார்த்த எச்சரிக்கைக்கு இப்போது ஏசுகிறவர்கள் பாக்கி இருந்தார்கள்.

"எம்மா, காலைல இருந்து ஏச்சு வாங்குனது நீதான். எந்திரி, போய்ச் சாப்பிடு. நான் எடுக்கேன்."

"நீங்க முதல்ல துணிய மாத்துங்க அண்ணாச்சி."

"அது காயும். போ."

உள்ளறையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். ஈரச் சட்டையோடு அவர், "ஆமாங்க, சரிங்க, மன்னிச்சுக்கிடுங்க" என்று யாரிடமோ தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை ஒரு போனையும் என் பக்கம் வரவிடவில்லை.