இரண்டு பக்கமும் எரிந்த விளக்கு

நெருப்பைக் கண்டுபிடித்த மனிதகுலம், அதற்கடுத்த பெரிய காரியத்தைச் செய்ய ராயபுரம் பாஸ்கல் மோட்டார் சைக்கிள் வாங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதுவரை இண்டிகேட்டர் என்பது ஒரு சோம்பேறி விளக்கு. வலப்பக்கம் திரும்பினால் வலது விளக்கு கண் சிமிட்டும். இடப்பக்கம் திரும்பினால் இடது. மற்ற நேரமெல்லாம் தூக்கம். நாடே உற்பத்தியைப் பெருக்கச் சொல்லிக்கொண்டிருந்த எழுபத்து நான்காம் ஆண்டில் இரண்டு விளக்குகள் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதா? திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த பாஸ்கலுக்குப் பொறுக்கவில்லை. வயர்களை மாற்றிப்போட்டு இரண்டையும் எந்நேரமும் எரியவிட்டான். புகையிலும் தூசியிலும் எதிரே வரும் ஹார்பர் லாரிக்காரன் தன்னைத் தூரத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். அணைக்கும் சுவிட்சைத் 'தேவையற்ற உறுப்பு' என்று கழற்றி எறிந்தான்.

திறப்பு விழா தெருமுனை டீக்கடையில் நடந்தது. உடன் வேலை பார்க்கும் வியாசர்பாடி ஜெயவேல் தலைமை வகித்தான்.

"ஷோக்கா கீது மாமு! மாதா கோயில் தேராட்டம் கீது. ஒரே ஒரு டவுட்டு. நீ எந்தப் பக்கம் திரும்பறேன்னு எப்டித் தெரியும்?"

"திரும்புற பக்கத்து லைட்டு மினுக்கும் நைனா."

"அதான் ஏற்கெனவே எரிஞ்சுகினு கீதே?"

"எரிஞ்சுகினே மினுக்கும்."

"எரிஞ்சுகினே எப்டி மினுக்கும்?"

"அது டெக்னிக்கு. உனக்குப் புரியாது."

அதற்குள் டீ வந்துவிட்டபடியால் இந்த விளக்கம் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

விஞ்ஞானிகளுக்கும் குடும்பம் உண்டு. அம்மா வியாகுலம்மாள் பாஸ்கலுக்கு எண்ணூர் ஃப்ளோரன்ஸைப் பார்த்து வைத்திருந்தாள். பாஸ்கலோ ரயில்வே ஹென்றியின் மகள் எல்சியிடம் மனதைக் கொடுத்து வைத்திருந்தான். அம்மா கேட்டால் "சரிம்மா" என்பான். எல்சி கேட்டால் "சரி எல்சி" என்பான். யார் மனமும் நோகக்கூடாது என்ற அந்த மென்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஓலை நெருங்கிவிட்டது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயர்களைச் சாமியார் வாசிப்பார்; அதுதான் ஓலை. தவக்காலம் பிறந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஆகவே நாளை ஞாயிறு முதல் ஓலை. இன்று மாலைக்குள் பெண்ணின் பெயரைக் கொடுத்தாக வேண்டும்.

காலையில் குழாயடியில் எல்சி மறித்தாள்.

"உங்கம்மாகிட்ட இன்னிக்காவது பேசுவியா? பேசிட்டீன்னா கோயில் முனையில இடது பக்க லைட்டப் போடு. எங்கப்பாவக் கூட்டிகினு சாமியார் பங்களாவுக்குப் போறேன். போடலன்னா..." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "அப்பால என் மூஞ்சில முயிக்காதே."

"சரி எல்சி."

வீட்டில் அம்மா காத்திருந்தாள்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்ற. ஊரே உன் வெளக்கத்தான் பேசுது, அதையாவது பேச வுடு. சாயங்காலம் ஃப்ளோரன்ஸோட அப்பா கோயிலாண்ட வராரு. சம்மதம்னா வலது பக்க வெளக்கப் போட்டுகினு வாடா."

"சரிம்மா."

மாலை. கோயில் முனையில் இடதுபுறம் எல்சி, வலதுபுறம் அம்மா. பாஸ்கலின் மனம் எல்சி பக்கமே சாய்ந்தது. இதைச் சத்தியம் செய்தே சொல்லலாம். இடது பொத்தானை அழுத்தினான். இடது விளக்கு எரிந்தது. வலது விளக்கும் எரிந்தது. எரிந்துகொண்டே மினுக்கும் 'டெக்னிக்கு' மட்டும் அன்று விடுமுறையில் இருந்தது.

வண்டியை நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பாஸ்கலின் நெஞ்சில் ஒரு பேரமைதி இறங்கிவிட்டது. இனி யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை! இருவருக்கும் அவரவர் பக்கத்து விளக்குதான் கண்ணில் பட்டது. எல்சி சிரித்தாள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பாஸ்கல் எந்தப் பக்கமும் திரும்பாமல் நேரே டீக்கடைக்குப் போனான்.

டீ ஆறுவதற்குள், கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை ஓடி வந்து அவனைச் சாமியார் பங்களாவுக்கு இழுத்துப் போனார். அங்கே ஒரு பெஞ்சில் எல்சியும் ஹென்றியும். எதிர் பெஞ்சில் அம்மாவும் ஃப்ளோரன்ஸின் அப்பா அருள்நாதனும். நடுவில் சாமியார், கையில் பேனா.

"ஒரு மாப்பிள்ளைக்கு ரெண்டு ஓலை வாசிக்க ரோமாபுரியிலேருந்து இன்னும் உத்தரவு வரலை. யார் பேரை எழுத?"

பாஸ்கல் எல்சியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

"வயரிங் மிஸ்டேக் சாமி" என்றான்.

சிக்னல் கேபினில் வேலை பார்க்கும் ஹென்றி பல்லைக் கடித்தார். "ரெண்டு லைனுக்கும் பச்ச காட்டுனவன எங்க ரயில்வேல அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க சாமி."

சாமியார் இரக்கமுள்ளவர். ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தார். "விளக்கு ரிப்பேர்தானே? சரிபண்ணிட்டு வரட்டுமே..."

எல்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். அருள்நாதனைப் பார்த்து, "நான் சொல்றத உங்க பொண்ணாண்டயும் சொல்லிடுங்க மாமா" என்றாள். பிறகு சாமியார் பக்கம் திரும்பினாள்.

"ரிப்பேர்லாம் ஒண்ணும் இல்ல சாமி. வெளக்கு ஒயுங்காத்தான் கீது. ஆளு எப்டியோ, அப்டியே எரியுது."