எரியுதா பாரு!

"எரியுதா பாரு!"

"எரியலைங்க."

அன்வர் பாட்சா பிரேக்கை இன்னும் ஓங்கி மிதித்தார். "இப்போ?"

"ஊஹூம்" என்றாள், வண்டிக்குப் பின்னால் நின்ற ரஹமத் பீவி.

சூரமங்கலத்தில் துண்டு, லுங்கிக் கடை வைத்திருக்கும் அன்வர் பாட்சாவுக்கு ஒரு பழக்கம். பிரேக் லைட் எரிகிறது என்று மனைவி பார்த்துச் சொல்லாமல் பைக்கை வாசலை விட்டு நகர்த்த மாட்டார். முன்பொரு தடவை அவர் சட்டென்று நிறுத்த, பின்னால் வந்த பால்காரர் முட்டி, கழுத்துப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் அந்தக் கழுத்து முழுசாகத் திரும்பாது. ஓட்டுகிற எவனுக்கும் தன் பிரேக் லைட்டைத் தானே பார்க்கும் பாக்கியம் கிடையாது. இவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடையாது.

அது இன்றைக்கா மக்கர் பண்ண வேண்டும்? மேட்டூருக்குப் போய் மருமகன் ஃபர்ஹானை நாலு வார்த்தை கேட்கக் கிளம்பியிருந்தார் மனிதர். அதில் கடைசி வார்த்தை, "இனிமே என் பொண்ணை அனுப்ப மாட்டேன்" என்பது.

முந்தின நாள் சாயங்காலம் மகள் நாஸியா பையும் கையுமாக பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். தால்சாவில் உப்பு குறைந்துவிட்டதாம். "உங்க அத்தா வீட்டுல உப்பே வாங்க மாட்டாங்களா?" என்று மாப்பிள்ளை கேட்டுவிட்டானாம். பெண்ணைச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். அத்தாவை அல்லவா இழுத்துவிட்டான்!

கோபத்தில் விட்ட வார்த்தையை அன்வர் பாட்சா திரும்ப எடுத்ததில்லை. இப்படித்தான் ஒரு பெருநாள் அன்று கூடப்பிறந்த தம்பியை ஏதோ சொன்னார். வருஷங்கள் ஓடிவிட்டன, தம்பி இந்த வாசலை மிதிக்கவில்லை. அதை நினைத்து அவர் தூக்கமில்லாமல் புரளுவது அவருடைய மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

"பஸ்ஸுலயாச்சும் போங்களேன்" என்றாள் ரஹமத் பீவி.

"சண்டைக்குப் போறவன் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போய் இறங்கினா மரியாதை இருக்குமா?"

"அதுவும் சரிதான். அப்ப சீக்கிரம் சரி பண்ணுங்க. அவனைச் சும்மா விடக்கூடாது!"

சொன்னதோடு இல்லாமல் ஸ்பேனர் பையை அவளே எடுத்து வந்து வைத்தாள். மனைவிக்கு இவ்வளவு ரோஷம் உண்டென்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

மெக்கானிக் பூபதிக்குப் போன் போட்டார். "திருச்செங்கோட்டுல கெடா விருந்துல இருக்கறனுங்க பாய். நாளைக்கு வாரேனுங்க" என்றது போன்.

சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தார். பழைய பல்பைக் கழற்றி வீசினார். அது உருண்டு செருப்புகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தது. அலமாரியில் கிடந்த புது பல்பை மாட்டி மிதித்தார்.

"எரியலைங்க."

அப்படியென்றால் சுவிட்ச்தான். பெடலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஸ்பிரிங்கைப் பிடித்து இழுத்தார். அது துள்ளிச் சாக்கடை ஓரம் விழுந்தது. தேடி எடுத்து, கழுவி, வளைத்து மாட்டினார்.

"இப்பவும் இல்லைங்க."

அப்படியென்றால் ஒயர்தான். நாலு ஒயரைப் பிரித்தார், நாலையும் முறுக்கினார். எது எங்கேயிருந்து வந்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். மிதித்தார். ஹார்ன் அலறியது.

எதிர் வீட்டு வாசலில் இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்த செல்லியம்மாள் காலையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "ஏனுங்க பாய், மேட்டூரு வரைக்கும் பிரேக்கு புடிச்சா ஹாரனு அடிக்குமுங்களா?" என்றாள். மாவு வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். அந்த ஆத்திரத்தில் அவர் ஒயரை வெடுக்கென்று இழுக்க, புது பல்பு கீழே விழுந்து உடைந்தது. இப்போது வண்டி ஸ்டார்ட்டும் ஆகவில்லை.

உள்ளே நாஸியாவின் போன் வெகுநேரமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது. முதலில் அழுகை கேட்டது, பிறகு அதட்டல் கேட்டது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று கேட்டது. அவருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

மத்தியானம் ஒரு நிழல் வண்டிமேல் விழுந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா."

ஃபர்ஹான். கையில் மேட்டூர் மீன் பை. முகத்தில் குற்றவாளிக் களை. அன்வர் பாட்சா விருட்டென்று எழுந்தார். ஆனால் வாயில் ரெண்டு ஸ்க்ரூ இருந்தது. நாலு வார்த்தையும் அதற்குப் பின்னாலேயே நின்றுபோயின.

"நான் பேசினது தப்பு மாமா. நாஸியாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றவன், ஒயரைப் பார்த்துக் கலங்கிப்போனான். "என்ன மாமா இது, இடியாப்பம் மாதிரி? தள்ளுங்க."

அவனுக்கு மில்லில் எலக்ட்ரீஷியன் வேலை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டான். "அந்தப் பச்சையைப் புடிங்க மாமா... அது பச்சையா? ஊதா மாமா அது!" சண்டை போடக் கிளம்பிய மனிதர் மருமகனுக்கு ஒயர் பிடித்துக்கொண்டு நின்றார். நேரம் போகப்போக அது அவ்வளவு மோசமாகவும் இல்லை.

"பல்பு?"

"உடைஞ்சிருச்சு."

ஃபர்ஹான் செருப்புகளுக்கு நடுவே கிடந்த பழைய பல்பை எடுத்து, துடைத்து, மாட்டினான். "மிதிங்க மாமா."

"எரியுது!" என்றாள் ரஹமத் பீவி.

"பழைய பல்பா எரியுது?"

"மீன் ஆறுது, வாங்க" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் மகளும் மருமகனும் கிளம்பினார்கள். "பஸ்ஸுல எதுக்கு? என் வண்டியை எடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் கொண்டாந்து விடுங்க" என்றார். வார்த்தை அவர் வாயிலிருந்துதான் வந்தது. அவருக்கே ஆச்சரியம்.

தெரு முனையில் ஒரு ஆட்டோ குறுக்கே வர, ஃபர்ஹான் பிரேக் பிடித்தான். அந்தி மங்கலில் விளக்கு சிவப்பாக எரிந்தது. தன் வண்டியின் பிரேக் லைட்டை அன்வர் பாட்சா வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்தார். மனசு நிறைந்துபோயிற்று.

"நல்லாத்தான் எரியுது!" என்றார்.

மாவுக் குண்டாவைக் கழுவிக்கொண்டிருந்த செல்லியம்மாள் நிமிர்ந்தாள். "காலையில நீங்க மொத மிதி மிதிச்சப்பவும் இப்படித்தானுங்க பாய் பளிச்சுன்னு எரிஞ்சுது. நான் சொல்லலாம்னு வாயெடுத்தனுங்க, வண்டிக்குப் பின்னால நின்ன அக்காதான் ஒதட்டுல வெரலை வெச்சுப்போட்டாங்க."